பாதியில் மூடியவர்களும் பத்து முறை படித்தவர்களும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நம் பள்ளி நூலகத்தின் கடைசி அலமாரியில், மேல்தட்டில், செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. மூன்று பாகங்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த பதிப்பு. ஆயிரம் பக்கங்களுக்கு மேல். அதன் பின்னட்டையின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதித்தாளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். எடுத்தவர்களில் பலர் ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயிரம் பக்கங்களை ஒரு வாரத்தில் படித்து முடித்திருக்க மாட்டார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் யாரோ ஒருத்தி மட்டும் ஒன்பது முறை புதுப்பித்துத் தன்னிடமே வைத்திருந்திருக்கிறாள். அந்த ஒருத்தி என் அக்கா என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நூலக வகுப்பில் நாங்கள் நால்வர் இந்நூலைப் பற்றி வாதாடிக் குரல் உயர்த்தியதால், சிஸ்டர் எங்களை வராந்தாவுக்கு அனுப்பினார்கள். மணி அடித்ததும் என்னை மட்டும் அழைத்து, “இவ்வளவு சண்டை போட அதில் என்னதான் இருக்கிறது? எழுதிக்கொண்டு வா, ஆண்டு மலரில் போடலாம்” என்றார்கள். தண்டனையாகச் சொன்னார்களா, பரிசாகச் சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

படிக்காத தோழியருக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடு உலகம் என்ற கற்பனை நாட்டில் சௌரான் என்னும் கொடியவன் பிறரையெல்லாம் அடக்கியாள ஒரு மோதிரம் செய்கிறான். நூலின் தலைப்பில் வரும் ‘மோதிரங்களின் அதிபதி’ அவன்தான், கதாநாயகன் அல்லன். அந்த மோதிரம் பல கைகள் மாறி, ஷயர் என்ற பசுமையான சிற்றூர்ப் பகுதியில் வாழும் ஃப்ரோடோவிடம் வந்து சேருகிறது. ஃப்ரோடோ ஒரு ஹாபிட். ஹாபிட் என்றால் நம் இடுப்பளவு உயரமும், ரோமம் அடர்ந்த பாதங்களும், நாளுக்குப் பலமுறை சாப்பிடும் வழக்கமும் உள்ள இனம். மோதிரத்தை எந்த நெருப்பில் செய்தார்களோ அந்த எரிமலையின் நெருப்பில் போட்டால்தான் அது அழியும். மலையோ பகைவனின் நாட்டுக்குள் இருக்கிறது. ஒன்பது பேர் புறப்படுகிறார்கள். கடைசியில் ஃப்ரோடோவும் அவனுடைய தோட்டக்காரன் சாமும் மட்டும் நடக்கிறார்கள். வழிகாட்டியாக வருபவன், முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்து அதனாலேயே கெட்டுப்போன கொல்லம். (பெயர் ஊர்ப்பெயர் போல ஒலித்தாலும் ஆள் அப்படிப்பட்டவன் அல்லன்.)

இவ்வளவுதான் கதை. இதற்கு ஏன் ஆயிரம் பக்கங்கள் என்று கேட்பவர்களும், ஏன் இரண்டாயிரம் இல்லை என்று ஏங்குபவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். இரண்டாவது கட்சியில் ஆசிரியரே சேர்ந்துகொண்டார் என்பதுதான் சுவையான செய்தி. 1960களின் நடுவில் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், இந்நூலின் ஒரு குறையைத் தாமும் ஒப்புக்கொள்வதாகச் சொல்லி, அது மிகவும் சிறியதாகிவிட்டது என்கிறார்!

டோல்கீன் 1892-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். தாயார் மேபல் 1900-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்ததால் உறவினர்கள் பண உதவியை நிறுத்திவிட்டார்கள். 1904-ல் நீரிழிவு நோயால் அந்தத் தாய் இறந்தபோது மகனுக்கு வயது பன்னிரண்டு. இன்சுலின் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. பர்மிங்காமில் இருந்த பிரான்சிஸ் மார்கன் என்னும் குருவானவர்தான் அண்ணன் தம்பி இருவரையும் பொறுப்பேற்று வளர்த்தார். முதல் உலகப்போரில் டோல்கீன் 1916-ஆம் ஆண்டு சோம் போர்க்களத்தில் இருந்தார். 1918-க்குள் தம் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரையும் இழந்தார். பிற்பாடு ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பிக்கும் பேராசிரியரானார். இவற்றைத் தெரிந்துகொண்டபின் படித்தால், கதையில் சேற்று நிலத்தில் நீருக்கடியில் இறந்தவர் முகங்கள் தெரியும் அத்தியாயம் வெறும் பேய்க்கதையாகத் தோன்றாது.

1937-ல் அவருடைய ‘தி ஹாபிட்’ வெளியானது. கையெழுத்துப் படியைப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டாராம். சிறுவன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்து ஒரு ஷில்லிங் கூலி வாங்கிக்கொண்டான். அந்த ஒரு ஷில்லிங் விமர்சனம் இல்லாவிட்டால் பின்னால் வந்த எதுவும் இல்லை. அடுத்த நூலை எழுத டோல்கீனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் ரேனர் வளர்ந்து பதிப்பகத்திலேயே வேலைக்கு வந்திருந்தார். இதை அச்சிட்டால் ஆயிரம் பவுன் நஷ்டம் வரலாம், ஆனாலும் இது ஒரு மேதையின் படைப்பு என்று தந்தைக்கு எழுதினார். அப்படி நீ நம்பினால் ஆயிரம் பவுனை இழக்கலாம் என்று தந்தை அனுமதி தந்தார். என்ன தந்தை! காகித விலை காரணமாக நூல் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, 1954-ல் இரண்டு பாகங்களும் 1955-ல் மூன்றாவதும் வந்தன.

வந்த நாளிலிருந்தே சண்டைதான். ‘நார்னியா’ கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் வானளாவப் புகழ்ந்தார். நண்பர் என்பதால் புகழ்கிறார் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் நண்பர்கள் எல்லாரும் புகழ்ந்துவிடவில்லை. ஆக்ஸ்போர்டில் இவர்கள் கூடித் தங்கள் எழுத்தை வாசிப்பார்கள். அந்தக் குழுவில் ஹியூகோ டைசன் என்பவர் இந்தக் கதையைக் கேட்கச் சகிக்காமல் முனகுவாராம். அவர் வந்தால் டோல்கீன் வாசிப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. எதிரே அமர்ந்து முனகும் ஒருவரைச் சகித்துக்கொண்டு ஒரு மனிதர் தொடர்ந்து எழுதினாரே என்பதை நினைத்தால், கட்டுரைப் போட்டியில் நடுவர் கொட்டாவி விட்டதற்கே நான் அழுதது வெட்கமாக இருக்கிறது.

கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் அமெரிக்காவின் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் இதைப் பெரிய படைப்பாகக் கொண்டாடினார். இந்நூலைப்போல் கடுமையான வாக்குவாதத்தில் தம்மை இழுத்துவிட்ட நூல் அரிது என்றும், நடுநிலையான கருத்துள்ள ஒருவரைக்கூடத் தாம் காணவில்லை என்றும் 1956-ல் அவரே எழுதினார். அதே ஆண்டு எட்மண்ட் வில்சன் என்ற பெயர்பெற்ற விமர்சகர் ‘தி நேஷன்’ இதழில் இதைச் சிறுபிள்ளைத்தனமான குப்பை என்று ஒதுக்கினார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுத் திட்டவில்லை. தம் ஏழு வயது மகளுக்கு முழு நூலையும் உரக்கப் படித்துக் காட்டியவர். ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்த நம் தோழியரைவிட அவருக்குத் திட்டும் உரிமை அதிகம் என்பேன். இன்னொரு விமர்சகரும் கவிஞருமான எட்வின் மியூர், கதைமாந்தர் எல்லாரும் பெரியவர் வேடம் போட்ட சிறுவர்களே என்றார். 1961-ல் பிலிப் டாயின்பீ என்பவர், நல்லவேளை இந்நூல்களை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று எழுதி நிம்மதியடைந்தார். பாவம், ஜோசியம் பலிக்கவில்லை. அவர் எழுதிய நான்கு ஆண்டுகளில், 1965-ல், அமெரிக்காவில் மலிவு விலைப் பதிப்புகள் வெளிவந்து கல்லூரி மாணவர்கள் கையிலெல்லாம் இந்நூல் காணப்பட்டது.

டாயின்பீ நிம்மதியடைந்த அதே 1961-ல் லூயிஸ் தம் நண்பரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார் என்பதும், கதை சொல்லும் தரம் போதாது என்று குழு அதைத் தள்ளிவிட்டது என்பதும், ஐம்பது ஆண்டு இரகசியம் முடிந்து 2012-ல் ஆவணங்கள் திறக்கப்பட்டபோது தெரியவந்தன. மறுபுறம், 1997-ல் பிரிட்டனில் ஒரு புத்தகக் கடையும் தொலைக்காட்சியும் சேர்ந்து நடத்திய வாக்கெடுப்பில் நூற்றாண்டின் சிறந்த நூலாக வாசகர்கள் இதையே தேர்ந்தெடுத்தார்கள். பேராசிரியை ஜெர்மேன் கிரீர் அம்மையார் தம் கெட்ட கனவு பலித்துவிட்டது என்று நொந்துகொண்டார். 2003-ல் பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பிலும் இதுவே முதலிடம் பெற்றது. 2001 முதல் 2003 வரை வெளிவந்த பீட்டர் ஜாக்சனின் மூன்று திரைப்படங்களும் உலகைச் சுற்றிவந்தன. திரைப்படம் பார்த்துவிட்டு நூலுக்கு வந்தவர்களின் ஏமாற்றம் தனி ரகம். “சண்டை எங்கே?” என்று தேடுகிறார்கள். முதல் ஐம்பது பக்கங்களில் பிறந்தநாள் விருந்துதானே நடக்கிறது!

இனி எங்கள் சண்டைக்கு வருகிறேன்.

என் பெஞ்சுத் தோழி சொன்ன குற்றச்சாட்டு, நடையைப் பற்றியது. ஒவ்வொரு மலையும் ஓடையும் மரமும் விவரிக்கப்படுகின்றன; பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை யாராவது பாட ஆரம்பித்துவிடுகிறார்கள் என்கிறாள். இதில் அவள் பக்கம் நியாயம் உண்டு. பாட்டுகளில் பாதியை நானும் தாண்டித்தான் போனேன். டாம் பாம்படில் என்ற மஞ்சள் காலணிக்காரர் வரும் அத்தியாயங்களில் இரண்டு முறை உறங்கிவிட்டேன். ஆனால் நடப்பவனுக்குத்தானே வழியின் நீளம் தெரியும்? மோர்டோர் என்ற பகைவன் நாட்டுக்குள் ஃப்ரோடோவும் சாமும் தண்ணீரின்றித் தவழும்போது, ஷயரின் ஒவ்வொரு ஓடையும் எனக்கு நினைவுக்கு வந்தது. முன்பு அலுத்துக்கொண்ட பக்கங்கள் அங்கேதான் வட்டி சேர்த்துத் திரும்பின.

இரண்டாவது தோழி, இதில் நல்லவர் முழுக்க நல்லவர், தீயவர் முழுக்கத் தீயவர், வாழ்க்கை அப்படி இல்லை என்றாள். ஓர்க் என்ற படையினர் விஷயத்தில் அது உண்மைதான்; அவர்களில் ஒருவன்கூடத் திருந்துவதில்லை, அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் போரோமிர் நல்லவன், மோதிரத்துக்காக ஒரு கணம் புத்தி கெட்டுப்போகிறான், பின்பு சிறியவர்களைக் காக்க உயிரையே விடுகிறான். கொல்லத்தை எந்தப் பெட்டியில் போடுவது? ஒரு முறை உறங்கும் ஃப்ரோடோவின் முழங்காலைக் கிழவனைப்போல் மெல்லத் தொடுகிறான். விழித்துக்கொண்ட சாம் அதைத் தவறாக எண்ணி அதட்டிவிடுகிறான். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டேன்.

மூன்றாவது கட்சிதான் நம்மைப் போன்ற பெண்கள் பள்ளியில் பலமானது. ஆயிரம் பக்கத்தில் பெண்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். பயணம் போகும் ஒன்பது பேரில் ஒரு பெண்கூட இல்லை. இதற்கு ஆசிரியரின் காலத்தைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதுமான சமாதானமாகப் படவில்லை. ஆனால் இருக்கும் சிலரில் எயோவின் இருக்கிறாளே! அரச குடும்பத்துப் பெண். நோயுற்ற மாமனுக்குப் பணிவிடை செய்து வீட்டிலேயே அடைந்து கிடந்தவள். ஆண்வேடம் பூண்டு போருக்குப் போகிறாள். எந்த ஆண்மகன் கையாலும் வீழமாட்டான் என்று சொல்லப்பட்ட சௌரானின் படைத்தலைவனை, மெரி என்ற ஹாபிட்டின் துணையோடு வீழ்த்துகிறாள். இதுவரை எங்கள் நால்வருக்கும் ஒரே கருத்து. அதன்பின் அவள் வாளை வைத்துவிட்டு, நோயாளிகளைக் குணப்படுத்தவும் செடிகொடி வளர்க்கவும் விரும்புவதாகச் சொல்லி ஃபராமிரை மணக்கிறாள். “கடைசியில் அவளையும் சமையலறைக்கே அனுப்பிவிட்டார்” என்று ஒருத்தி கொதித்தாள். சாவைத் தேடிப் போனவள் வாழ விரும்புகிறாளே, அது எப்படித் தோல்வியாகும் என்று நான் கேட்டேன். எங்களை வராந்தாவுக்கு அனுப்பியது இந்த வாக்குவாதம்தான்.

சிஸ்டர் என்னிடம் தனியே கேட்ட கேள்வி வேறு: “இவ்வளவு பக்தியுள்ள மனிதர் எழுதிய நூலில் ஒரு கோவில் உண்டா, ஒரு குருவானவர் உண்டா?” இல்லை. ஆனாலும் 1953-ல் சேசு சபையைச் சேர்ந்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இது அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பே என்று டோல்கீன் சொல்லியிருக்கிறார். சமயம் கதையின் மேற்பரப்பில் இல்லை, உள்ளுக்குள் கலந்திருக்கிறது என்பது அவர் கருத்து. ஒன்பது பேர் புறப்படும் நாள் டிசம்பர் 25. மோதிரம் அழியும் நாள் மார்ச் 25, அதாவது மங்கள வார்த்தைத் திருநாள். இதைச் சொன்னதும் சிஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதே சமயம் கடவுள் நம்பிக்கை இல்லாத எத்தனையோ பேர் இந்நூலைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மோதிரம் அணுகுண்டுதான் என்று அந்நாளில் பலர் அடித்துச் சொன்னார்கள். அப்படி ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்க்கும் உருவகக் கதைகளே தமக்குப் பிடிக்காது, வாசகர் தம் அனுபவத்தோடு பொருத்திக்கொள்வது வாசகரின் சுதந்திரம் என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்தச் சுதந்திரத்தால் எங்கள் வீட்டில் நடந்ததை, அப்பாவிடமும் அக்காவிடமும் அனுமதி பெற்று எழுதுகிறேன்.

ஓர் இரவு சாப்பிடும்போது முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃப்ரோடோ எரிமலையின் விளிம்புக்கு வந்துவிடுகிறான். போட வேண்டியதுதான் பாக்கி. போடவில்லை. மோதிரம் எனக்கே என்று சொல்லி விரலில் மாட்டிக்கொள்கிறான். கொல்லம் பாய்ந்து அந்த விரலைக் கடித்துப் பிடுங்கி, மகிழ்ச்சியில் துள்ளிக் கால் தவறி நெருப்பில் விழுகிறான். மோதிரம் அப்படித்தான் அழிகிறது.

“அப்படியானால் அவன் தோற்றவன்தானே?” என்றார் அப்பா. “அவ்வளவு தூரம் போய்க் கடைசி அடியில் முடியவில்லை என்றவனுக்கு எதற்குப் பாராட்டு?”

அக்கா ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை அவள் இரண்டாவது முறையும் எழுதி, சில மதிப்பெண்களில் தவறவிட்டு அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. அப்பா அதை எண்ணிச் சொல்லவில்லை, கதையைத்தான் சொன்னார். ஆனால் சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா கேட்டது புதிய கேள்வி அல்ல. ஃப்ரோடோவைக் கௌரவித்தது தவறு, துரோகி என்று தண்டித்திருக்க வேண்டும் என்று ஒரு வாசகர் கோபத்தோடு எழுதியதாக டோல்கீன் தம் கடிதம் ஒன்றில் குறிப்பிடுகிறார். அவருடைய கடிதங்கள் 1981-ல் நூலாக வந்துள்ளன. அவர் பதில் என்னவென்றால், அந்த இடத்தில், அத்தனை மாதச் சித்திரவதைக்குப் பின், அந்த மோதிரத்தைத் தானாக எறியும் வலிமை யாருக்குமே இருந்திருக்காது. ஃப்ரோடோ தன்னிடம் இருந்த முழுவதையும் செலவழித்து, காரியம் நடக்கக்கூடிய இடம்வரை அதைச் சுமந்து வந்தான். அதற்குமேல் நடந்தது அவன் முன்பு காட்டிய இரக்கத்தின் பயன். கொல்லத்தைக் கொல்ல வாய்ப்பு வந்தபோதெல்லாம் அவன் விட்டுவிட்டான்; கடைசியில் மலைச் சரிவில் சாமும் ஓங்கிய வாளைத் தாழ்த்திக்கொண்டான். அவர்களில் ஒருவர் நியாயம் பார்த்து அவனைக் கொன்றிருந்தால் மோதிரம் அழிந்தே இருக்காது. கர்த்தர் கற்பித்த செபத்தில் சோதனையைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் வரும் வேண்டுதல்களை டோல்கீன் இங்கே நினைவூட்டுகிறார். ஊர் திரும்பிய ஃப்ரோடோவை ஷயர் மக்கள் பெரிதாக மதிப்பதுமில்லை. அவன் காயம் ஆறுவதுமில்லை. கடைசியில் கப்பலேறிப் போய்விடுகிறான். இது வெற்றிக் கதை என்று சொல்பவர்கள் கடைசி அத்தியாயத்தைப் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் மறுநாள் நான் அப்பாவிடம் சொன்னபோது அக்கா அடுத்த அறையில் இருந்தாள். அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “ஒன்பது தடவை புதுப்பித்து வைத்திருந்தேன், அப்பா. ஒன்பதாம் வகுப்பில். அப்போது அவன் ஏன் போடவில்லை என்று எனக்கும் கோபம்தான்” என்றாள்.

அப்பா வெகுநேரம் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மடித்து வைத்துவிட்டு, அந்தப் புத்தகத்தைக் கொண்டு வா என்று என்னிடம் சொன்னார். சிஸ்டரிடம் சிறப்பு அனுமதி வாங்கி என் பெயரில் எடுத்துச் சென்றேன். மாலை அலுவலகத்திலிருந்து வந்து, காப்பி குடித்துவிட்டுத் தினம் பத்துப் பக்கம் படிக்கிறார். இவர்கள் ஏன் இப்படி நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறார். பாட்டு வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பதில்லை, அக்காவைத்தான் கூப்பிடுகிறார். இப்போது இரண்டாம் பாகத்தின் நடுவில் இருக்கிறார். தேதித்தாளில் இதுவரை நான்கு முறை புதுப்பித்தாகிவிட்டது.